‘பாதுகாப்பு’ யாருக்கு?

சலவை இயந்திரம் ஒன்று திடீரென நின்றுவிடுகிறது. பழுதுநீக்குபவர் மின்சுற்றுப் பலகையைக் கழற்றிப் பார்க்கிறார். அது முழுவதும் பிசின் ஊற்றி உறையவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே கெட்டிருப்பது சில ரூபாய் பெறுமான மின்தேக்கியாகவோ ரிலேயாகவோ இருக்கலாம். ஆனால் அதைத் தொட வழியில்லை. முழுப் பலகையையே மாற்றச் சொல்கிறார்கள். ‘பாட்டிங்’ எனப்படும் இந்த ஏற்பாட்டுக்கு விளம்பர மொழி சூட்டிய பெயர் ‘பாதுகாப்பு’.

‘பாதுகாத்தல்’ வினையாக நிற்கும்போது எதை, எதிலிருந்து, யாருக்காக என்ற கேள்விகளை எழுப்புகிறது. ‘பாதுகாப்பு’ எனப் பெயராகி விற்பனைக்கு வந்ததும் அக்கேள்விகள் உதிர்ந்துவிடுகின்றன.

ஈரம் உண்மை, மும்பை, சென்னை போன்ற நகரங்களின் உப்புக் காற்றும் உண்மை, பலகைக்குள் புகும் கரப்பான்பூச்சியும் உண்மை. வெடிக்கும் வாயு சூழும் ஆலைகளுக்கான கருவிகளைப் பிசினில் புதைப்பதற்கென்றே ஐஇசி 60079-18 என்னும் தரநெறி இருக்கிறது. இவற்றை எவரும் மறுக்கவில்லை.

ஆயினும் எல்லாப் பூச்சும் ஒன்றல்ல. அக்ரிலிக் மென்படலம் கரைப்பானில் கரையும். பழுது நீக்கியபின் மீண்டும் பூசலாம். சிலிக்கோன் கூழைக் கத்தியால் அறுத்தெடுத்து, உறுப்பை மாற்றி, மறுபடி ஊற்றலாம். எப்பாக்சியோ இறுகியபின் சூட்டில் உருகாது, எளிதில் கரையாது. சுரண்டினால் உறுப்புகளும் சேர்ந்தே பெயரும். வீட்டுக் கருவியின் ஈரத்தைத் தடுக்க முதல் இரண்டில் ஒன்று பல இடங்களில் போதும். எப்பாக்சி சிலிக்கோனைவிட மலிவு என்பார்கள். அந்தச் சேமிப்பு நிறுவனத்துக்கு. பின்னால் வரும் செலவு வாங்கியவருக்கு. சுற்றின் வடிவமைப்பைப் பிறர் நகலெடுக்காமல் மறைக்கவும் இதே பிசின் பயன்படுகிறது. அப்படியானால் காக்கப்படுவது பலகையா, வணிகமா?

2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று இணையவாசலும் திறந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன. கெட்ட உறுப்பைக் கண்ணால் பார்க்கவே முடியாதவருக்கு உதிரிபாகப் பட்டியலால் என்ன பயன்? பிசினின் வாசலில் நின்றுவிடும் உரிமை, உரிமை ஆகாது.

கோரிக்கை எளிது. எந்தப் பிசின், அகற்ற முடியுமா, முடியாதெனில் மாற்றுப் பலகையின் விலை என்ன என்ற மூன்றையும் விற்கும்போதே அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டும். நோக்கம் உண்மையிலேயே பாதுகாப்புதான் என்றால், இதைச் சொல்ல எந்த நிறுவனத்துக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.