காந்தமும் நட்பும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். யந்திரத் தொழிலில் அந்த உப்பின் ஸ்தானத்தில் இருப்பவை அருமண் தாதுக்கள். மின்சார மோட்டார் வண்டி, கைப்பேசி, காற்றாலை முதலியவற்றுக்குரிய வலிய காந்தங்களில் அவை சேர்கின்றன. அவை இன்றேல் வேலை நடவாது.

2010-ஆம் வருஷம் செப்டம்பரில் சென்காகு தீவுகளின் அருகே சீன மீன்படகு ஒன்று ஜப்பானியக் கடற்காவல் கப்பல்களுடன் மோதிற்று. படகின் தலைவனை ஜப்பான் சிறைப்படுத்தியது. அதன் பின்னர் சீனாவிலிருந்து வரவேண்டிய அருமண் சரக்கு சில வாரங்கள் தடைப்பட்டது. தடை விதித்ததாகச் சீன சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தனக்கு வேண்டியதில் நூற்றுக்குச் சுமார் 90 பங்கை ஓரிடத்திலேயே வாங்கி வந்த ஜப்பான் திடுக்கிட்டு விழித்துக் கொண்டது.

மறு வருஷமே ஜப்பானிய சர்க்கார் ஸ்தாபனம் ஒன்றும் சோஜிட்ஸ் என்னும் வர்த்தகக் கம்பெனியும் சேர்ந்து ஆஸ்திரேலியாவின் லைனாஸ் கம்பெனிக்கு 25 கோடி டாலர் உதவ முன்வந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் வெட்டிய தாது மலேசியாவின் குவாந்தான் அருகே சுத்தி செய்யப்பட்டது. பிறகு அருமண் விலை சரிந்தது; லைனாஸ் தள்ளாடிற்று. மலிவுச் சரக்கைத் தேடி ஜப்பான் ஓடிவிடவில்லை. கடன் தவணையை நீட்டி, வட்டியையும் குறைத்தது. இவ்வித முயற்சிகளால் 90 பங்கு ஏறக்குறைய 60 பங்காகக் குறைந்தது. நட்பு என்பது விருந்து மேஜையில் கைகுலுக்குவதன்று, விலை சரிந்த காலத்திலும் கைவிடாமல் இருப்பது என்பதற்கு இதைவிட வேறென்ன திருஷ்டாந்தம் வேண்டும்?

ஆயினும் நட்பின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. 2021 மார்ச்சில், ஆஸ்திரேலியாவுக்குப் புறப்படவிருந்த சுமார் 2,50,000 கொரோனா தடுப்பூசி மருந்துகளை இத்தாலி நிறுத்தி வைத்தது. இரண்டும் நேச தேசங்களே! தன் வீட்டில் நெருப்புப் பற்றினால் எவனும் முதலில் தன் கிணற்றைத்தான் காப்பான்.

இன்னொன்றும் உண்டு. குவாந்தான் வாசிகள், கதிர்வீச்சுள்ள கழிவு தங்கள் ஊரிலேயே தங்குகிறதென்று கிளர்ச்சி செய்தார்கள். ஒரு தேசத்தின் பத்திரத்துக்காக இன்னொரு தேசத்தின் கொல்லைப்புறம் பாழாகலாமா?

2021 ஏப்ரலில் இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா மூன்றும் சரக்கு வரத்தைத் திடப்படுத்தும் ஏற்பாடொன்றைத் தொடங்கின. நல்லதே. ஆனால் 2025 ஏப்ரலில் சீனா ஏழு வகை அருமண் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும், பல தேசங்களின் மோட்டார் தொழிற்சாலைகள் காந்தத்துக்குத் திண்டாடின. காகிதத்தில் எழுதிய ஒப்பந்தம் காந்தம் ஆகிவிடாது.

நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அருமண் அடங்கிய மோனசைட் இருக்கிறது. மணல் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பிரித்துச் சுத்தி செய்யும் வித்தையும், காந்தம் வார்க்கும் ஆலையும், கரையில் வாழும் மீனவருக்குத் தீங்கு நேராத முறையும் வேண்டும். எந்த நாட்டில் எது விளைகிறது என்று பூகோள பாடத்தில் படிக்கும் பிள்ளைகள், அது யார் கையால் சுத்தி செய்யப்பட்டு எந்த வழியே நம் வீடு வந்து சேர்கிறது என்பதையும் படித்தல் நலம். மலிவு விலையை மட்டுமே பார்த்து வாங்கும் குடும்பமும் தேசமும் பஞ்ச காலத்தில் பிறர் வாசலில் நிற்க நேரும். நேசர்களைத் தேடுவோம், அவர்களுக்கு நியாய விலை கொடுப்போம், நம் குதிரிலும் கொஞ்சம் நிறைத்து வைப்போம்.