படகுக்குத் தேடுவிளக்கு தேவைதானா?

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதெல்லாம் திருத்தணி வட்டார மக்களின் கவனம் ஆந்திர எல்லைக்கு அப்பால் திரும்பிவிடுகிறது. அங்குள்ள அம்மப்பள்ளி அணை திறக்கப்பட்டால் பள்ளிப்பட்டு வழியே வரும் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் பெருகும், தரைப்பாலங்கள் மூழ்கும், கரையோரக் கிராமங்கள் துண்டிக்கப்படும். அந்த நீர் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைந்து, உபரியாக வெளியேறினால் எண்ணூர் முகத்துவாரம் வரையுள்ள ஊர்களும் அச்சத்தில் ஆழும். வெள்ளம் பகல் பார்த்து வருவதில்லை. எனவே, 'மீட்புப் பணிக்கான மோட்டார் படகுகளில் சக்திவாய்ந்த தேடுவிளக்கைப் பொருத்தினால் என்ன?' என்ற கேள்வி எழுவது இயல்பே.

பொருளாதாரம் கற்பித்தே காலத்தைக் கழித்தவன் என்பதால், இத்தகைய கேள்விகளை நான் சற்று மாற்றிக் கேட்பது வழக்கம். தேடுவிளக்கு நல்லதா, கெட்டதா என்பதன்று கேள்வி. படகின் பாதுகாப்புக்கென நாம் செலவிடும் அடுத்த ரூபாய் எதற்குச் சென்றால் அதிக உயிர்களைக் காக்கும் என்பதே கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாத இரவில் பெருகியோடும் ஆற்றின் கரையில் ஊராருடன் நின்றிருந்தேன். எதிர்க்கரையில் யாரேனும் சிக்கியிருக்கிறார்களா என்று பார்க்க, இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களின் முகப்பு விளக்குகளை ஆற்றை நோக்கித் திருப்பினர். அடைமழையில் அந்த ஒளி வெள்ளைத் திரைபோல் எங்கள் மீதே திரும்பி வந்தது. முதியவர் ஒருவர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். கண்கள் இருட்டுக்குப் பழகியதும், எதிர்க்கரையில் கைப்பேசி விளக்கு ஒன்று மினுங்குவது தெரிந்தது. விளக்கு எரிந்தபோது தெரியாதது, அணைந்த பிறகு தெரிந்தது.

இதில் வியப்பில்லை. கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகிறது. கூசும் ஒளி ஒன்று சில விநாடிகளில் அதைக் கெடுத்துவிடுகிறது. மேலும், தொலைவு இரட்டித்தால், நீரில் மிதக்கும் ஒருவர் மீது பட்டுத் திரும்பும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். விளக்கின் திறனைக் கூட்டிக்கொண்டே போனாலும் பார்வை எட்டும் தொலைவு அதே அளவில் கூடாது. பொருளாதார வகுப்பில் நாங்கள் சொல்லும் குறைந்து செல் விளைவு விதிக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதற்காகத் தேடுவிளக்கே வீண் என்று சொல்லிவிட முடியாது. சூயஸ் கால்வாயில் 1887-ஆம் ஆண்டு முதல், மின்சார முகப்பு விளக்கு பொருத்திய கப்பல்கள் இரவிலும் செல்ல அனுமதிக்கப்பட்டன. அதுவரை இரவில் கட்டிப்போடப்பட்டிருந்த கப்பல்கள் நிற்காமல் சென்றதால் பயண நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அங்கே விளக்கு தன் விலையைத் தானே ஈட்டிக்கொண்டது. குறுகிய நீர்வழி, நிலையான கரைகள், வறண்ட வானம் ஆகியவை அதற்குத் துணைநின்றன. மழைக்கால ஆறும் திறந்த கடலும் அப்படிப்பட்டவை அல்ல.

கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரவில் செல்லும் படகின் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, பின்புறம் வெள்ளை என விளக்குகள் இருக்க வேண்டும் என்பது, கப்பல் மோதல் தவிர்ப்புக்கான 1972-ஆம் ஆண்டு சர்வதேச விதிகளின் அடிப்படை. அந்தச் சிறு விளக்குகள் நாம் பார்ப்பதற்காக அல்ல. பிறர் நம்மைப் பார்ப்பதற்காக. பேரொளி அவற்றை மறைத்துவிடுகிறது. எதிரே வருபவரின் கண்ணையும் கூசச் செய்கிறது. ஒருவரின் வசதி மற்றவருக்குச் சுமையாவதைப் பொருளாதாரம் புறவிளைவு என்கிறது. எல்.இ.டி. விளக்குகளால் மீன்களைக் கவர்ந்து பிடிக்கும் முறைக்கு மத்திய அரசு 2017-இல் தடை விதித்ததும், சிலரின் ஒளி பலரின் வாழ்வாதாரத்தை விழுங்கக்கூடும் என்பதால்தான்.

விபத்துகளின் பாடம் என்ன? 2011 டிசம்பர் 25 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அது பகல் வேளை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அது பொழுது சாய்ந்த பிறகு. ஒன்றில் வெளிச்சம் இருந்தது, மற்றொன்றில் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை அளவுக்கு மீறிய பாரமும் உயிர்காப்பு அங்கி அணியாத பயணிகளுமே. இந்தக் குறைகளை எந்த விளக்காலும் ஈடுசெய்ய இயலாது.

ஆனால், மீட்புப் படகின் கதை வேறு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவில் அடையாற்றில் வெள்ளம் புரண்டு, சென்னையின் பல பகுதிகள் மின்சாரமின்றி இருண்டன. கடலில் செல்லும் தங்கள் படகுகளைத் தெருக்களுக்குக் கொண்டுவந்து மக்களை மீட்டனர் மீனவர்கள். அத்தகைய சூழலில் தாழத் தொங்கும் மின்கம்பியையும், தலைமட்டும் தெரியும் சுற்றுச்சுவரையும் காட்ட விளக்கு இன்றியமையாதது. அங்கே தேவைப்படுவது நூறடித் தொலைவுக்கான ஒளியே தவிர, கிலோமீட்டர் கணக்கில் பாயும் ஒளி அல்ல.

அந்த விளக்கும் தனித்து நின்றால் பயன் குறைவு. தேநீருக்குச் சர்க்கரைபோல, தேடுவிளக்குக்கு நிரப்புப் பொருள் ஒன்று உண்டு. அது உயிர்காப்பு அங்கியில் தைக்கப்படும் ஒளிதிருப்பும் பட்டை. வெறும் சட்டை அணிந்தவர் மீது படும் ஒளி சிதறிப்போகும். பட்டையின் மீது படும் ஒளியோ வந்த வழியே திரும்பிப் படகிலிருப்பவரின் கண்ணை எட்டும். அதிக விலையில்லாத இந்தப் பட்டை, சிறிய விளக்கையும் பெரிய விளக்காக்கிவிடுகிறது.

எனவே, செலவின் வரிசை தெளிவாக இருக்க வேண்டும். முதலில் பட்டை தைத்த உயிர்காப்பு அங்கி. அடுத்து விதிப்படியான சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள். அதன் பிறகே தேடுவிளக்கு. மீட்புப் படகுகளுக்கு இம்மூன்றும் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் நூறு வாட் ஹாலஜன் விளக்கு எட்டு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும்; அதே வெளிச்சத்தை எல்.இ.டி. விளக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மின்சாரத்தில் தந்துவிடும். இன்ஜினை மீண்டும் கிளப்ப அந்தப் பேட்டரியையே நம்பியிருக்கும் படகில் இது சிறிய வேறுபாடன்று.

விளக்கைக் கையாளப் படகோட்டியைத் தவிர இன்னொருவர் இருக்க வேண்டும். அவருக்குத் தரும் பயிற்சியில், விளக்கை எப்போது போடுவது என்பதுடன் எப்போது அணைப்பது என்பதும் இடம்பெற வேண்டும். சற்று நேரத்துக்கு ஒருமுறை விளக்கையும் இன்ஜினையும் நிறுத்திவிட்டு இருளை உற்றுப் பார்க்கவும், குரல் கேட்கிறதா என்று செவிமடுக்கவும் அவர் பழக வேண்டும். மொட்டை மாடியில் கைப்பேசி விளக்கை அசைத்துக்கொண்டு நிற்பவரும் நம்மைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த பருவமழைக்கு முன் மீட்புப் படகுகளைத் தணிக்கை செய்யும் அதிகாரிகள், விளக்கின் வாட் அளவைக் கேட்பதற்கு முன் உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்க்கட்டும்.