படம் யாருக்காகப் பேசுகிறது?

எமரால்டு அணையைப் பார்க்க வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் தண்ணீர் தெரிகிறது. தேயிலைச் சரிவு தெரிகிறது. கொழுந்து பறிக்கும் பெண்ணும் தெரிகிறாள், பச்சைக்கு நடுவே ஒரு புள்ளியாக! அவள் கூலி என்ன, அவள் குடியிருக்கும் லைன் வீடு ஒழுகுகிறதா என்பது மட்டும் தெரிவதில்லை.

இது புதிய சங்கதி அல்ல. டாக்குமெண்டரி என்னும் விவரணப் படத்தின் வரலாற்றிலேயே இது உண்டு.

1934-ல் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் ‘சாங் ஆஃப் சிலோன்’ என்ற படத்தை எடுத்தார். 1935-ல் பிரஸ்ஸல்ஸ் விழாவில் அது பரிசு வாங்கியது. பணம் கொடுத்தது யார்? இலங்கைத் தேயிலைப் பிரசார சபை! படத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. அதில் கொழுந்து பறிக்கும் கைகள் உண்டு. சந்தை விலையைச் சொல்லும் குரல்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளி தன் கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் பேசும் குரல் இல்லை.

அதே மக்களின் பிரஜா உரிமையை 1948-ல் இலங்கை சர்க்கார் பறித்தது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவு செய்தது. அவர்களைக் கேட்டா முடிவு செய்தார்கள்? திரும்பி வந்து நீலகிரியில் குடியேறியவர்கள் கையில் மறுபடியும் அதே கொழுந்துக் கூடைதான்!

நம் நாட்டில் 1948-ல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் ஏற்பட்டது. அதன் படத்தைக் கொட்டகைக்காரர் காட்டியே தீரவேண்டும் என்று விதி இருந்தது. நேர்மையான படங்கள் சிலவும் வந்தன. ஆனால் அணை எழுந்ததைப் பார்த்த அளவுக்கு, அணை கட்டியவன் கூலி கேட்டதைப் பார்த்தோமா?

ஆயினும் கேமரா முதலாளியின் தனிச்சொத்து அல்ல. 1935-ல் லண்டனில் எடுத்த ‘ஹவுசிங் பிராப்ளம்ஸ்’ படத்துக்குப் பணம் தந்தது எரிவாயு முதலாளிகள்தான். எனினும் ஏழைக் குடியிருப்பு மக்கள் கேமராவைப் பார்த்துத் தாங்களே பேசினார்கள். நம் தமிழ்நாட்டில், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 உயிர்களை எரித்த கொடுமையைப் பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ பதிவு செய்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளருக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் சென்றவர்களைப் போலீஸ் தடியால் விரட்டியது. தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயின. அதைச் சொல்கிறது ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’.

இத்தகைய படங்களைத் தொழிற்சங்க அலுவலகங்களிலும் விவசாயத் தொழிலாளர் தெருக்களிலும் திரையிட வேண்டும். எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்போம்: பணம் யாருடையது? பேசுவது யார்? பேசவிடாமல் நிறுத்தப்பட்டவர் யார்?

கேள்வி கேட்டால் மட்டும் போதாது. கப்பலேறித் திரும்பி வந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இன்று தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் கையிலும் கேமரா உள்ள போன் இருக்கிறது. தோழர்களே, பாட்டியின் எதிரே உட்காருங்கள். அவர் பேசி முடிக்கும்வரை படம் எடுங்கள். நம் வரலாற்றை நாம் பதிவு செய்யாவிட்டால், தேயிலை விற்பவன் சொன்னதே வரலாறாகிவிடும்!