விசிலுக்குக் காத்திருந்தது யார் குற்றம்?

2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானம். இந்தியன் சூப்பர் லீக் எனப்படும் ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரின் பிளே ஆஃப் ஆட்டம். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 90 நிமிடம் ஓடியும் கோல் விழாததால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. 96-வது நிமிடத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் பெனால்டி பகுதிக்குச் சற்று வெளியே பெங்களூரு எஃப்சிக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரள வீரர்கள் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் பிரப்சுக்கன் கில் அதை ஒழுங்குபடுத்துவதில் கவனமாக இருந்தார். பெங்களூருவின் சுனில் சேத்ரி விசிலுக்குக் காத்திருக்கவில்லை. பந்தை அலுங்காமல் தூக்கி வலைக்குள் போட்டார். நடுவர் கிறிஸ்டல் ஜான் கோல் என்று கை காட்டினார்.

அடுத்து நடந்ததை இந்தியக் கால்பந்து எளிதில் மறக்காது. கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் எல்லைக்கோட்டுக்கு வந்து தன் வீரர்களை வெளியே அழைத்தார். அணி மொத்தமும் ஓய்வறைக்குப் போய்விட்டது, திரும்பி வரவே இல்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை முடித்தார்கள். 1-0 என்று பெங்களூரு அரையிறுதிக்குப் போனது. மறுநாள் கொச்சி விமான நிலையத்தில் இறங்கிய பயிற்சியாளரை ரசிகர்கள் ஒரு வெற்றி வீரனைப் போல வரவேற்றார்கள். ஆட்டத்தை மீண்டும் நடத்த வேண்டும் என்ற கிளப்பின் முறையீடு எடுபடவில்லை. மாத இறுதியில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்காவிட்டால் அது 6 கோடியாகும் என்றும் சொன்னது. பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் ரூபாய் அபராதம். ஏப்ரல் தொடக்கத்தில் இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள்.

கேரள ரசிகரைக் கேட்டால் இன்றும் ஒரே வரியில் பதில் வரும்: நடுவர் ஏமாற்றிவிட்டார், விசில் அடிக்கவே இல்லை. அந்த ஆத்திரம் புரியக்கூடியதுதான். ஆனால் விதி அவர் பக்கம் இல்லை.

ஃப்ரீ கிக் என்பது தவறுக்கு ஆளான அணிக்குக் கிடைக்கும் உரிமை. எதிரணி 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது உதைப்பவருக்குச் சாதகமாக வைத்த விதி. எனக்கு அந்தச் சலுகை வேண்டாம், உடனே ஆடுகிறேன் என்று அவர் முடிவெடுத்தால் பெரும்பாலும் விசில் தேவையில்லை. சுவரைத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்டால், அட்டை காட்டப்பட்டால், ஆள் மாற்றம் நடந்தால்தான் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் எதிரணி வீரர் அவசர உதையை இடைமறித்தால் ஆட்டம் தொடரும். உதைக்கவே விடாமல் வேண்டுமென்று மறித்தால் அவருக்கு மஞ்சள் அட்டை. தவறு செய்த அணி நிதானமாகத் தற்காப்பை அடுக்கிக்கொள்ளும் வரை எல்லோரும் பொறுத்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தவறு செய்தவருக்கே பரிசு கொடுத்ததாகிவிடும்.

சேத்ரி பிறகு சொன்ன விவரம் இன்னும் சுவாரசியமானது. சுவரும் வேண்டாம், விசிலும் வேண்டாம் என்று நடுவரிடம் சொன்னாராம். நிச்சயமாகவா என்று நடுவர் கேட்டாராம். பக்கத்தில் நின்ற கேரள அணியின் அட்ரியான் லூனா அதைக் கேட்டதால்தான், கோலுக்கு முன்பு சேத்ரி உதைக்கப் பார்த்த முதல் முயற்சியை மறித்தார் என்பது சேத்ரியின் கணிப்பு. அது சரியென்றால் பந்துக்கு முன்னால் ஓர் ஆளை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது கேரள அணியில் ஒருவருக்கேனும் உறைத்திருக்கிறது. பத்துப் பேருக்கு உறைக்கவில்லை. கோல்கீப்பர் சுவரை ஒழுங்கு செய்யும்போது பந்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்பது தற்காப்பின் அரிச்சுவடி. எதிரே நிற்பவர் சேத்ரி, ஆட்டமோ நாக் அவுட். இதைத் தந்திரத் தோல்வி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

ஐரோப்பா இந்தக் காட்சியை முன்பே பார்த்துவிட்டது. 2004 டிசம்பரில் ஆர்சனல்–செல்சி ஆட்டத்தில் தியரி ஹென்றி இதே வேலையைச் செய்தார். கோல்கீப்பர் பீட்டர் செக் சுவரை நகர்த்திக்கொண்டிருந்தபோது பந்து வலைக்குள் போய்விட்டது. உடனே ஆடுகிறாயா, காத்திருக்கிறாயா என்று ஹென்றியிடம் கேட்டுவிட்டுத்தான் அனுமதித்ததாக நடுவர் கிரஹாம் போல் விளக்கினார். செல்சி பயிற்சியாளர் ஜோசே மொரீனியோவுக்குக் கடும் கோபம். ஆனால் அவர் அணி மைதானத்தை விட்டுப் போகவில்லை. இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கிய கையோடு ஒரு கோல் போட்டு 2-2 என்று சமன் செய்தது. அந்தப் பருவத்தில் லீக் பட்டமும் செல்சிக்குத்தான்.

பெங்களூரு சம்பவத்துக்கு இன்னும் நெருக்கமானது 2007 பிப்ரவரியில் நடந்தது. சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் பிரான்ஸின் லீல் அணிக்கு எதிராக 83-வது நிமிடத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸ், சுவர் தயாராகும் முன்பே ஃப்ரீ கிக்கைக் கோலாக்கினார். லீல் வீரர்கள் எல்லைக்கோடு வரை போய்விட்டார்கள். ஆனால் திரும்பி வந்து ஆடினார்கள். இரண்டு ஆட்டம் கொண்ட சுற்று என்பதால் அன்று தோற்றாலும் இரண்டாவது ஆட்டம் அவர்களுக்குக் கையில் இருந்தது. அவர்கள் கொடுத்த புகாரும் தள்ளுபடியானது.

கேரளத்துக்கு இரண்டாவது ஆட்டம் இல்லை என்பது உண்மைதான். அதனால்தான் வெளியேறிய முடிவு இன்னும் புதிராக இருக்கிறது. கூடுதல் நேரத்தில் 24 நிமிடம் மீதி இருந்தது. தேவை ஒரே ஒரு கோல். அதுவரை 96 நிமிடம் எதிரணிக்குச் சரிசமமாக ஆடிய அணி. முன்னிலை பெற்ற பெங்களூரு பின்வாங்கித் தற்காக்கத்தான் பார்த்திருக்கும்; இடது, வலது ஓரங்களில் கேரளத்துக்கு இடம் கிடைத்திருக்கும். நடுவர் தவறே செய்திருந்தாலும் அவர் பறித்தது ஒரு கோலைத்தான். மிச்ச 24 நிமிடத்தைப் பறித்தவர் பயிற்சியாளர். வுகோமனோவிச்சின் கீழ்தான் பிளாஸ்டர்ஸ் 2022-ல் இறுதி வரை போனது. அவர் மேல் ரசிகர்கள் வைத்த பாசத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் பாசம் இந்தக் கணக்கை மறைக்கக் கூடாது.

இதற்காக நடுவரை முழுமையாக விடுவித்துவிட முடியாது. பெரிய ஆட்டங்களைப் பழகிய நடுவர் சுவர் அமைக்கச் சொல்லிவிட்டால் விசிலை உயர்த்திக் காட்டி, சத்தம் வரும் வரை யாரும் உதைக்கக் கூடாது என்பதை இரு தரப்புக்கும் புரியவைப்பார். அப்படி இல்லை என்றால் அதையும் மறைக்க மாட்டார். அந்த இரவில் உதைப்பவருக்குத் தெரிந்தது தற்காத்தவர்களில் பலருக்குத் தெரியவில்லை. சட்டப்படி அது குற்றமில்லை. ஆட்டத்தை நடத்தும் திறமை என்று ஒன்று இருக்கிறதே, அதில் குறைதான்.

அதே மாதத்தின் இன்னொரு காட்சியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ரசிகர் மனம் பிடிபடும். மார்ச் 18, கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். பெங்களூருவும் ஏடிகே மோகன் பகானும் 2-2. நான்கு கோல்களில் மூன்று பெனால்டியில் வந்தவை. 85-வது நிமிடத்தில் மோகன் பகானுக்குக் கொடுத்த பெனால்டிதான் ஆட்டத்தைச் சமனாக்கியது. டைபிரேக்கரில் பெங்களூரு 4-3 என்று தோற்றது. உடனே பெங்களூரு உரிமையாளர் பார்த் ஜிந்தல், ஐஎஸ்எல் தொடருக்கு விஏஆர் எனப்படும் வீடியோ நடுவர் முறை வந்தாக வேண்டும், இப்படிப்பட்ட முடிவுகள் பெரிய ஆட்டங்களைக் கெடுக்கின்றன என்று ட்விட்டரில் எழுதினார். 15 நாள் முன்பு இதே அணி நடுவரின் முடிவால் முன்னேறியபோது அந்தக் குரல் கேட்கவில்லை. கேரள ரசிகர்கள் இதைச் சும்மா விடுவார்களா? கேலி செய்து தீர்த்தார்கள். நியாயம் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் சட்டையின் நிறத்தை வைத்தே கேட்கிறார்கள். இதில் உரிமையாளருக்கும் கேலரியில் நிற்பவருக்கும் வித்தியாசம் கிடையாது.

சரி, விஏஆர் வந்திருந்தால் சேத்ரியின் கோல் ரத்தாகியிருக்குமா? அநேகமாக இல்லை. அன்றைய விதிப்படி கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகிய நான்கு விஷயங்களில்தான் வீடியோ நடுவர் தலையிட முடிந்தது. கோல் என்ற தலைப்பில் அவர்கள் பார்ப்பது ஆஃப்சைடு, கைபட்டது, பந்து வெளியே போனது போன்றவற்றை. ஃப்ரீ கிக்குக்கு விசில் தேவையா இல்லையா என்பது களத்தில் நிற்கும் நடுவரின் விருப்பம். அதைத் திரையில் கோடு போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

கருவி இருந்தும் கைவிட்ட கதை 2023 செப்டம்பர் 30 அன்று லண்டனில் நடந்தது. டாட்டனத்துக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோலுக்குக் கள நடுவர்கள் ஆஃப்சைடு என்றார்கள். வீடியோ அறையில் இருந்தவர்கள் களத்தில் கோல் கொடுத்திருப்பதாகத் தவறாக நினைத்துக்கொண்டு, சரிபார்த்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். டாட்டனம் ஃப்ரீ கிக்கை எடுத்து ஆட்டத்தைத் தொடங்கியது. சில நொடிகளில் தவறு தெரிந்துவிட்டது. ஆனால் பந்து ஓடத் தொடங்கிய பிறகு பழைய முடிவுக்குத் திரும்ப விதி இடம் தரவில்லை. லிவர்பூல் இருவரைச் சிவப்பு அட்டைக்குப் பறிகொடுத்து, கடைசி நேரத்தில் சொந்தக் கோலும் போட்டு 2-1 என்று தோற்றது. இங்கிலாந்தின் நடுவர் அமைப்பு அன்றே தவறை ஒப்புக்கொண்டது. வீடியோ அறையின் உரையாடலைச் சில நாளில் வெளியிட்டது. கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் சதி என்று பேசியவர்களின் வாய் ஓரளவு அடைபட்டது. பதற்றமும் குழப்பமும் அந்தக் குரல்களிலேயே தெரிந்தன.

பெங்களூருவில் இல்லாமல் போனது இதுதான். சேத்ரி தன் தரப்பைச் சொன்னார், வுகோமனோவிச் தன் தரப்பைச் சொன்னார். விசிலைக் கையில் வைத்திருந்தவர் என்ன நினைத்தார் என்பதை ரசிகர்கள் அவர் வாயால் கேட்கவில்லை.

வீடியோ வந்த நாடுகளின் ரசிகர்களும் நிம்மதியாக இல்லை. விஏஆர் முறையைக் கைவிட வேண்டும் என்று இங்கிலாந்தின் உல்வ்ஸ் கிளப் கொண்டுவந்த தீர்மானம் 2024 ஜூனில் லீக் கிளப்புகளின் வாக்கெடுப்பில் 19-1 என்று தோற்றது. அந்த ஒரு வாக்கு உல்வ்ஸுடையது. நார்வேயில் அதே ஆண்டு ஜூலையில் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளையும் மீன் கேக்குகளையும் மைதானத்தில் எறிந்து ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். எறிவதற்கு அவர்கள் மீனைத் தேர்ந்தெடுத்த ரசனையைப் பாராட்டலாம். சுவீடனில் கிளப்புகளின் பெரும்பான்மை வாக்குரிமை உறுப்பினர்களிடம், அதாவது ரசிகர்களிடமே இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றதால் முதல்நிலை லீக்கில் விஏஆர் நுழையவில்லை. அங்கே நடுவரின் தவறையும் ஆட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்பது என்று ரசிகர்கள் தெரிந்தே முடிவெடுத்திருக்கிறார்கள். இந்திய ரசிகரிடம் அப்படி யாரும் கருத்துக் கேட்பதில்லை.

நம் ரசிகர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் இருக்கிறது. 2019 மே 7, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. முதல் ஆட்டத்தில் 3-0 என்று தோற்றிருந்த லிவர்பூல், பார்சிலோனாவைத் தன் மண்ணில் 3-0 என்று எட்டிப் பிடித்திருந்தது. 79-வது நிமிடத்தில் கார்னர். ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்டு பந்தை வைத்துவிட்டு விலகுவதுபோல நடந்தார், சட்டென்று திரும்பி உதைத்தார். பார்சிலோனா வீரர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்க, டிவோக் ஒரிகி கோலாக்கினார். பந்து நிற்கும்போது பார்சிலோனா அசட்டையாக இருக்கும் என்று லிவர்பூல் முன்கூட்டியே கவனித்து, பந்தைச் சீக்கிரம் திருப்பித் தரும்படி எல்லைக்கோட்டுப் பையன்களிடமும் சொல்லி வைத்திருந்தது. அன்று நடுவரை யாரும் திட்டவில்லை. பார்சிலோனா ரசிகர்கள் தங்கள் தற்காப்பைத்தான் திட்டினார்கள். சேத்ரியின் உதைக்கும் இதற்கும் தந்திரத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. ஒன்றை மேதைமை என்று மெச்சுகிறோம், மற்றொன்றை மோசடி என்கிறோம்.

செலவுதான் இந்தியாவில் விஏஆர் முறைக்குப் பெரிய தடை. குறைந்த செலவிலான ஒரு வடிவத்தைக் கொண்டுவரலாம் என்று சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே 2023-ல் பேசினார். அடுத்த ஆண்டு கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்கு உட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் ஃபிஃபா இன்னொரு வழியைச் சோதித்தது. தனி வீடியோ அறையோ அதில் உட்கார நடுவர்களோ தேவையில்லை. பயிற்சியாளர் கேட்டால் கள நடுவரே எல்லைக்கோட்டுத் திரையில் போய்ப் பார்ப்பார். ஓர் அணிக்கு இரண்டு வாய்ப்பு. கிரிக்கெட்டின் ரிவியூ பழகிய நம் ரசிகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. எப்போது கேட்பது, எதற்காகச் சேமித்து வைப்பது என்று பயிற்சியாளர் யோசித்தாக வேண்டும். ஃபதோர்டாவின் 85-வது நிமிடப் பெனால்டியை பெங்களூரு இதன்படி மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கலாம். கேமராக்கள் ஏற்கெனவே ஒளிபரப்புக்காக மைதானத்தில் இருக்கின்றன. ஐஎஸ்எல் நடத்துபவர்கள் இதில் தொடங்கலாம்; கூடவே, சர்ச்சைக்குள்ளான முடிவைப் பற்றி ஆட்டம் முடிந்ததும் நடுவர் ஐந்து நிமிடம் பேசவும் வழி செய்யலாம். அதற்குத் தேவை ஒரு மைக் மட்டும்தான்.