விழுந்த காயம்

இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சைக்குத் தயாராகும் இளம் வைத்தியர்கள், நன்னெறி பற்றிய கேள்விகளுக்கு அநேகமாக நன்றாகவே பதில் சொல்கிறார்கள். இரத்தம் ஏற்ற வேண்டாம் என்று மறுக்கும் நோயாளி, புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சும் மகன், கருத்தடை கேட்டு வரும் பதினைந்து வயதுப் பிள்ளை. மருத்துவ நன்னெறியின் நான்கு கோட்பாடுகளையும் ஒப்புவித்து, மேற்பார்வை நிபுணருக்கு அறிவிப்பேன் என்று முடித்தால் புள்ளி கிடைத்துவிடும். மூத்தவர்கள் இன்னும் 'அக்ட் 16' என்றே அழைக்கும் அந்தப் பரீட்சையை நாம் குறை சொல்லவில்லை. கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் கேட்கப்பட வேண்டியவைதான்.

ஆனால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உள்ளகப் பயிற்சிக்கு வருபவரை எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். பொலிஸார் ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். முதுகில் சமாந்தரமாக ஓடும் இரட்டைக் கோட்டுக் கண்டல் காயங்கள், கோடுகளுக்கு நடுவே வெளிறிய தோல். "மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்" என்று கான்ஸ்டபிள் சொல்கிறார். வந்தவர் வாய் திறக்கவில்லை. சிகிச்சை என்று பார்த்தால் பரசிட்டமோல் போதும். வாட்டில் இன்னும் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். 'விழுந்த காயம்' என்று எழுதிக் கையொப்பமிட அரை நிமிடம் போதும். உருளை வடிவான தடியால் அடித்தால் எப்படிப்பட்ட தழும்பு விழும் என்பதை மூன்றாம் நான்காம் வருடத்திலேயே படித்த ஒருவர்தான் அந்த அரை நிமிடத்தில் அங்கே நிற்கிறார்.

இந்த ஊரில் இதை வெறும் உதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில் இருந்த தமிழ் மாணவர்கள் ஐவர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த குண்டே வெடித்து அவர்களைக் கொன்றது என்பதுதான் முதலில் வெளிவந்த உத்தியோகபூர்வக் கதை. அந்தக் கதையைப் பிரேத பரிசோதனை முறியடித்தது: மரணத்துக்குக் காரணம் துப்பாக்கிச் சூடு. பிணவறையில் எடுத்த படங்களைச் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வெளிவரச் செய்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி இந்நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இறந்த மாணவர் ஒருவரின் தந்தை நமது தொழிலைச் சேர்ந்தவர், வைத்தியர் காசிப்பிள்ளை மனோகரன். மகன் புலி உறுப்பினர் என்று எழுதிக் கையொப்பமிட்டால் உடலைத் தரலாம் என்று தம்மிடம் கேட்கப்பட்டதாகவும், தாம் மறுத்ததாகவும் அவர் பின்னர் உலக மேடைகளில் கூறினார். சாட்சிகள் அச்சுறுத்தப்பட்டார்கள், சிலர் நாட்டை விட்டே போனார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரையும் போதிய சாட்சியமில்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் 2019 ஜூலையில் விடுவித்தது. ஆக, நீதி கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த ஐவரும் குண்டு கொண்டு திரிந்து செத்தவர்கள் என்று இன்று ஒருவராலும் சொல்ல முடியாது. வைத்தியம் எழுதிய காகிதம் செய்தது அவ்வளவுதான். அது கொஞ்சமில்லை.

எழுதும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நெறி பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். காயத்தைத் துப்புரவு செய்வதற்கு அல்லது வெட்டி விரிப்பதற்கு முன் எழுதுங்கள். இடம், நீளம், அகலம், வடிவம், நிறம், அருகிலுள்ள எலும்பு முனையிலிருந்து எத்தனை சென்றிமீற்றர் என்பது எல்லாம் பெட் ஹெட் டிக்கெட்டில் வரட்டும். குண்டு உள்ளே போன வழி, வெளியே வந்த வழி என்று உறுதியில்லாமல் தீர்மானிக்க வேண்டாம். கண்டதை விவரித்தால் சட்ட வைத்திய அதிகாரி தீர்மானிப்பார். வரலாற்றைச் சொன்னது நோயாளியா பொலிஸாரா என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். 'விழுந்ததாகப் பொலிஸார் கூறுகின்றனர்' என்பது உண்மை. 'விழுந்த காயம்' என்பது உங்கள் சாட்சியம். பரிசோதனையின்போது பொலிஸாரைத் திரைக்கு வெளியே நிற்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சித்திரவதையை விசாரித்து ஆவணப்படுத்துவதற்காக எழுதப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, பொலிஸார் பரிசோதனை அறையிலேயே இருக்கக் கூடாது என்கிறது. வந்தவரின் சம்மதத்தைக் கேட்காமல் தொடங்காதீர்கள். உடைகளைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

தென்னாபிரிக்காவின் ஸ்டீவ் பீகோ வழக்கை ஒவ்வொரு பரீட்சார்த்தியும் படிக்க வேண்டும் என்பது நமது விருப்பம். 1977 செப்டெம்பரில் பொலிஸ் தடுப்பில் தலையில் காயம்பட்டிருந்த அவரைப் பார்த்த வைத்தியர் ஐவர் லாங், அசாதாரணமாக எதுவும் காணப்படவில்லை என்று சான்றிதழ் கொடுத்தார். அவரது மேலதிகாரி பெஞ்சமின் டக்கர், நோயாளியைப் பொலிஸ் வாகனம் ஒன்றில் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் கொண்டுபோக இணங்கினார். 12ஆம் திகதி பீகோ இறந்தார். அந்நாட்டு மருத்துவச் சபை இருவர் மீதும் நடவடிக்கை எடுக்க மறுத்தது. சக வைத்தியர்கள் சிலர் சபைக்கு எதிராகவே நீதிமன்றம் போன பிறகுதான், 1985இல் இருவரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டு டக்கரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. அந்த இருவர் தலையிலும் எவரும் துவக்கு வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பொலிஸாரோடு நல்லுறவு, மேலிடத்துக்கு இடைஞ்சல் வேண்டாம் என்ற எண்ணம், அவ்வளவுதான் காரணம்.

உண்மையிலேயே அச்சுறுத்தலின் கீழ் பேசியவர்களை நாம் வேறு கணக்கில் வைக்கிறோம். 2009 பெப்ரவரி 10 அன்று, போரின் இறுதி மாதங்களில், புதுமாத்தளனிலிருந்து சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ஒழுங்கு செய்த கப்பலில் 240க்கு மேற்பட்ட காயக்காரரும் நோயாளரும் நமது துறைமுகத்துக்கு வந்தார்கள். மே மாதம் வரை அந்தக் கடல்வழியாக வந்தவர்கள், கூட வந்த உறவினரையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 14,000 பேர். அவர்களை அங்கிருந்து அனுப்பிய வைத்தியர்கள் ஐவர் பின்னர் தடுத்து வைக்கப்பட்டார்கள். தாங்கள் சொன்ன இழப்பு எண்ணிக்கைகள் மிகையானவை என்று ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் ஊடகவியலாளர் முன்னே சொன்னார்கள். அது அழுத்தத்தின் கீழ் சொன்னது என்று அவர்களில் ஒருவர் பின்னர் நாட்டுக்கு வெளியிலிருந்து கூறினார். கதிரையில் அமர்ந்து அவர்களுக்குத் தீர்ப்பு எழுத நமக்குத் தகுதியில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக் கான்ஸ்டபிள் அந்த வகையல்ல. பெரும்பாலும் அவரும் களைத்துப்போய், பாரம் இறக்கிவிட்டுப் போகப் பார்க்கும் மனிதர்தான். நம்மில் அநேகர் பயத்தால் தவறுவதில்லை, வசதிக்காகவே தவறுகிறோம்.

மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே வாட்டில் படுக்கும் மாவட்டம் இது. மூதூரிலிருந்து வந்த பெண்ணிடம், தமிழ் தெரியாத உள்ளகப் பயிற்சி வைத்தியர் வரலாறு கேட்கிறார்; பக்கத்துக் கட்டில்காரி மொழிபெயர்க்கிறாள். வீட்டில் அடி வாங்கிய பெண் அந்தப் பக்கத்துக் கட்டில் வழியாக உண்மையைச் சொல்லுவாளா? கூட்டிவந்த கணவனே மொழிபெயர்த்தால்? அங்கேயும் 'விழுந்த காயம்' என்றே முடியும். சிங்களத்தில் தடுமாறும் தமிழ் வைத்தியர் கந்தளாய்ப் பெண்ணிடம் கேட்கும்போதும் இதே கதைதான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். உள்ளகப் பயிற்சியின் முதல் வாரத்தில் ஒரு காலையாவது சட்ட வைத்திய அதிகாரியின் பிரிவில் கழியட்டும். இரவுக் கடமைக்கு மொழிபெயர்க்கத் தெரிந்த, நோயாளியின் உறவல்லாத ஒருவரை வைத்தியசாலை ஒழுங்கு செய்யட்டும். காயத்தை எழுதும் படிவத்தின் முன் சந்தேகம் வந்தால் எந்த நேரமென்று பார்க்காமல் நிபுணரை எழுப்புங்கள் என்று பரீட்சார்த்திகளிடம் கேட்டுக்கொள்கிறோம். எழுப்பப்பட்டவர்கள் சினக்காமல் வந்து பார்க்க வேண்டும் என்று நிபுணர்களிடமும் கேட்டுக்கொள்கிறோம்.