வெயிலுக்கும் ஒரு கோடு வேண்டும்



பதிவு கொஞ்சம் நீளம். நாற்பது நிமிட வகுப்புகளில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரிட்டயர் ஆன பிறகு நான் பிக்கிள்பால் ஆடுவது உங்களில் பலருக்குத் தெரியும். "டீச்சர், பிரம்பைக் கீழே வெச்சுட்டு பேடில் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1965-இல் அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்துத் தீவு ஒன்றில், விடுமுறையில் இருந்த குடும்பங்கள் பொழுது போகாமல் ஆரம்பித்த ஆட்டம் இது. கோர்ட் 44 அடி நீளம், 20 அடி அகலம். பாட்மிண்டன் டபுள்ஸ் கோர்ட் அளவுதான். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து. ஓட வேண்டிய தூரம் குறைவு. அதனால்தான் முட்டி தேய்ந்த எங்களுக்கும் இது கைவந்தது.

கோடையில் நம்மை ஏமாற்றுவதும் அந்தக் குறைந்த தூரம்தான். மூச்சு வாங்கினால் மனிதன் தானாக உட்காருவான். இதில் மூச்சு அவ்வளவாக வாங்குவதில்லை. 11 பாயிண்ட் ஆட்டம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். "இன்னும் ஒன்னே ஒன்னு" என்று சொல்லிச் சொல்லி இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருப்போம்.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சென்னைப் புறநகரில் எங்கள் அடுக்ககத்தின் திறந்தவெளி கோர்ட். காலை ஒன்பதரை மணி. என் ஜோடி, எதிர் பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. (அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) 9-7 என்று நாங்கள் முன்னால் இருந்தோம். சர்வ் போடுபவர் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். சார் தப்பாகச் சொன்னார். திருத்தினேன். அடுத்த முறையும் தப்பு. மூன்றாவது முறை, "யார் சர்வ்?" என்று கேட்டார். பந்து அவர் கையில் இருந்தது.

வாழ்நாள் முழுக்க எண்களோடு இருந்த மனிதர். நான் சிரித்தேன். "இன்னும் ரெண்டு பாயிண்ட்தான் சார்" என்றேன். அடுத்த நிமிடம் அவர் விழுந்தார்.

நிழலுக்குத் தூக்கிப் போனோம். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறினோம். 108 வந்தது. மூன்று நாள் மருத்துவமனை. இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அன்று அவர் வீட்டு அக்கா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க டீச்சர்?"

பக்கத்தில்தான் இருந்தேன். உள்ளுறை வெப்பத்தை முப்பத்தொரு வருடம் பாடம் நடத்தியவள்தான் பக்கத்தில் இருந்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்கு நடுவே ஒரு முறை பந்தை அழுத்திப் பார்த்து, "வெயில்ல இளகிடுச்சு" என்று மாற்றினோம். பந்தைச் சோதித்த எங்களுக்கு மனிதரைப் பார்க்கத் தோன்றவில்லை.

பழைய பாடத்தை ஒரு நிமிடம் புரட்டுவோம். ஒரு கிராம் தண்ணீர் கொதிநிலையில் ஆவியாக 540 கலோரி என்று மனப்பாடம் செய்தீர்கள். நம் தோலின் வெப்பநிலையில் அது சுமார் 580. அவ்வளவு வெப்பத்தையும் வியர்வை நம் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும், அது ஆவியானால். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காய்வதில்லை, வழிகிறது. சட்டை நனைந்ததைப் பார்த்து "நல்லா வேர்க்குது, உடம்புக்கு நல்லது" என்கிறோம். உள்ளே சூடு ஏறிக்கொண்டிருக்கும். போனில் காட்டும் 36 டிகிரி, நிழலில் அளந்த காற்றின் வெப்பம். வெயிலில் காயும் சிமெண்ட் தரையின் சூடு அந்தக் கணக்கில் இல்லை.

உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. கேட்டதையே கேட்பது, எண் மறப்பது, காரணமில்லாமல் கோபப்படுவது, நடை தள்ளாடுவது எல்லாம் அதன் அடையாளங்கள். எங்கள் சங்கத்தில் சிலர், "அவரவர் உடம்பு அவரவருக்குத் தெரியும், இதுக்கெல்லாம் ரூல் எதுக்கு?" என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வெயில் முதலில் கெடுப்பதே அந்தத் 'தெரியும்' என்பதைத்தான். சாருக்குத் தன் கையில் இருந்த பந்தே தெரியவில்லை.

இந்த ஆட்டத்தில் வலைக்கு இரு பக்கமும் ஏழடிக்கு 'கிச்சன்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. "என் கால், என் இஷ்டம்" என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. அந்தக் கோடு முன்பே போட்டது. வெயிலுக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆஸ்திரேலிய ஓப்பன் டென்னிஸில் 2019 முதல் ஐந்து படி வெப்ப அளவுகோல் இருக்கிறது. ஐந்தாம் படியைத் தொட்டால் வெளிக் கோர்ட்களில் ஆட்டம் நிற்கும். இருபது வயதுப் பயில்வான்களுக்கே விதி இருக்கும்போது, பிரஷர் மாத்திரை போடும் நமக்கு வேண்டாமா?

எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. குளிர்ந்த வேளையில் ஆடினால் 'டொக் டொக்' சத்தத்தில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் தூங்க முடியவில்லை. அவர்கள் புகார் சொல்லித்தான் ஏழு மணிக்கு முன் ஆடக் கூடாது என்று முடிவானது. அது எங்களை வெயிலுக்குள் தள்ளிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமையை விட்டால் நாளில்லை. அதனால் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்:

ஏப்ரல் முதல் ஜூன் வரை காலை 6 முதல் 8, மாலை 6 முதல் 9 மட்டும். மற்ற நேரம் கோர்ட்டுக்குப் பூட்டு. காலை முதல் ஒரு மணி நேரம் சத்தம் குறைந்த ஃபோம் பந்து. இரண்டு ஆட்டம் முடிந்தால் பத்து நிமிடம் கட்டாயம் நிழலில் உட்கார வேண்டும். யார் "நிறுத்து" என்றாலும் ஆட்டம் நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. மே மாத டோர்னமெண்ட் டிசம்பருக்குப் போகட்டும்.

உங்களில் சிலர் இப்போது டர்ஃப் நடத்துகிறீர்கள், சிலர் சம்மர் கேம்ப் நடத்துகிறீர்கள். பத்து மணி வெயிலில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். அந்த நேரத்துக்கு வரும் வாடகையை விட்டுவிடுங்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடும் பெற்றோர் ஆடினால், கோடைக்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். யாராவது தடுமாறினால் குளிர வைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சங்கம் இன்னும் பதில் சொல்லவில்லை. சார் மாலையில் வாக்கிங் வருகிறார். "அந்த ரெண்டு பாயிண்ட் பாக்கி இருக்கு டீச்சர்" என்று சிரிக்கிறார். டிசம்பரில் ஆடிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்