இரும்புத் திறப்பும் ஒளித்துவைத்த குளிசையும்

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் குச்சவெளியைத் தாண்டினால் திரியாய் வரும். 1985இல் வீடுகள் எரிக்கப்பட்டு, மக்கள் விரட்டப்பட்ட ஊர் அது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர், ஊர் திரும்பிய குடும்பங்களைப் பற்றி எழுதுவதற்காக அங்கே சென்றிருந்தேன். வயல், குளம், காணி உறுதி, நிவாரணம் என்று குறிப்பேடு நிரம்பிக்கொண்டிருந்த வேளையில், ஒரு வீட்டு முற்றத்தில் இளம்பெண் ஒருத்தி வலிப்பு வந்து விழுந்தாள். தாய் ஓடிவந்து அவள் கையில் இரும்புத் திறப்பைத் திணித்தார். இரண்டொரு நிமிடங்களில் வலிப்பு அடங்கியது. அவளது முன்கையில் பழைய தீக்காயத் தழும்பு இருந்தது. முன்பொருமுறை அடுப்படியில் விழுந்தாளாம்.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவள் ஒழுங்காகக் குளிசை எடுத்தவள்தான். கலியாணம் பேசத் தொடங்கியதும் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். யாராவது கண்டுவிடுவார்களே என்ற பயம். தாய் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இதைப் பேப்பரில போட்டிடாதேங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்குதுகள்."

நான் போடவில்லை. அதை நாகரிகம் என்று அன்று எண்ணினேன். கோழைத்தனம் என்று இன்று எண்ணுகிறேன். ஊரையும் வீட்டையும் மறைத்துவிட்டு நோயைப் பற்றி எழுதியிருக்கலாம். நானோ நோயையே மறைத்தேன்.

வலிப்பு தெய்வக் குற்றமன்று, மூளையின் கோளாறே என்று கிரேக்க மருத்துவ நூலொன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டது. 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெட் ஹாப்ட்மன், நோயாளிகளின் உறக்கத்துக்காகக் கொடுத்த பினோபார்பிட்டோன் அவர்களது வலிப்பையும் குறைப்பதைக் கண்டறிந்தார். 1938இல் பெனிட்டோயின் வந்தது. இவை இன்றும் மிக மலிவான மருந்துகள். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. உரிய சிகிச்சை கிடைத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர்வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வறிய நாடுகளிலோ நான்கில் மூவருக்கு அந்தச் சிகிச்சை கிடைப்பதில்லை.

அப்படியிருக்க, திறப்பு மட்டும் எப்படி வெல்கிறது? பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் புகழ் அதற்கே போய்ச்சேரும். திரைப்படங்களும் இதைத் திரும்பத் திரும்பக் காட்டி எங்களுக்குப் பாடமாக்கிவிட்டன. பத்திரிகைக்காரர்களும் சளைத்தவர்களல்லர். நான் பணியாற்றிய பத்திரிகை ஒன்றில், வலிப்பை அடியோடு போக்குவதாக வாக்களித்த விளம்பரங்கள் வாராவாரம் வந்தன. பக்கத்தைப் பார்த்து அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இதை இங்கே பதிவு செய்யாமல் பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை.

"எங்கள் வீட்டு விடயத்தை நாங்கள் மறைத்தால் உனக்கென்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். கிளினிக்கில் பதிவில்லாத நோயாளி கணக்கில் வரமாட்டார். கணக்கில் வராதவருக்காக எந்த மருந்தகமும் குளிசை கேட்டு எழுதாது, எவரும் நோயின் காரணத்தைத் தேடவும் மாட்டார்.

தேடினால் என்ன நடக்கும் என்பதற்கு வேலூர் சான்று. 1980களில் இந்தியாவில் வலிப்போடு வந்தவர்களின் மூளைப் படத்தில் சிறு கட்டியொன்று தென்பட்டால், பெரும்பாலும் காசநோய்க் கட்டி என்றே கருதி மாதக்கணக்கில் அதற்கான மருந்தைக் கொடுத்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் ஆகியோரின் குழு அத்தகைய கட்டிகளை எடுத்து ஆராய்ந்தது. அவற்றுட் பல, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் என்று 1989இல் லான்செட் இதழில் அறிவித்தது. மலம் கலந்த நீரிலும் கழுவாத கையிலும் வரும் முட்டைகளே அதற்குக் காரணம். ஆகவே பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் அது வரும். சாத்திரியார் கிரகத்தில் தேடிய பரிகாரம் மலசலகூடத்திலும் சவர்க்காரத்திலும் இருந்தது!

இன்னொன்று: வியட்நாம் போரில் மூளையைத் துளைத்த காயங்களுடன் தப்பிய அமெரிக்கப் படையினரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு வலிப்பு நோய் வந்திருந்தது. எறிகணைச் சிதறலைத் தலையில் சுமந்து திரியும் எங்கள் பிள்ளைகளை யார் இப்படித் தொடரப் போகிறார்கள்? அரசைக் கேட்கத்தான் வேண்டும், கேட்பேன். ஆனால் வீட்டின் பின்னறையில் ஒளித்துவைத்த பிள்ளையை எந்த ஆய்வாளர் எண்ணுவார்?

சட்டம்கூட மனம் மாறியிருக்கிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது. 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். எங்கள் தரகர்களும் சம்பந்திமாரும் மாறுவதற்கு எந்த நாடாளுமன்றத்தைக் கூட்டுவது?

குளிசை எல்லோரையும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது போதிய பயன் தருவதில்லை. அவர்களுக்கு நிபுணரும், சிலருக்கு அறுவைச் சிகிச்சையும் தேவை. வலிப்பில்லையே என்று தாமாகக் குளிசையை நிறுத்துவதோ ஓயாத வலிப்பில் கொண்டுபோய் உயிருக்கே உலை வைக்கலாம். கருவுற்ற பெண்களும் வைத்தியரைக் கேட்டே மாற்ற வேண்டும்.

யாராவது வலித்து விழுந்தால் அருகில் நெருப்போ நீரோ இருந்தால் விலக்குங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள். திறப்பு பூட்டிலேயே இருக்கட்டும்.

புலம்பெயர்ந்து வாழும் அன்பர்களே, ஊர்க் கோயில் திருப்பணிக்கு நீங்கள் அள்ளிக் கொடுப்பதை நான் அறிவேன். அடுத்தமுறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, வீட்டில் யாராவது கிளினிக்குக்குப் போகாமல் நின்றுவிட்டார்களா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். திரியாயில் அன்று நான் கேட்காமல் வந்த கேள்வி அது.